முறுக்கிப் பார்த்துக் கட்டிய சேஸிஸ்: 94 கிலோவிலிருந்து 58 கிலோவுக்கு

வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்க இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் கம்பிதான் ஆன்ட்டி ரோல் பார். என் வண்டியின் முன்பக்கப் பாரின் கையில் மூன்று துளைகள் இருந்தன. இணைப்புத் தண்டை ஒரு துளை உள்ளே தள்ளி மாட்டினால் பார் இறுகும், வளைவில் முன் டயர்கள் சீக்கிரம் பிடிப்பை விடும், வண்டி வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு போகும். ஒரு துளை வெளியே வந்தால் இதற்கு நேர்மாறு. புத்தகம் இதைத்தான் சொல்கிறது, எல்லா வண்டியிலும் இதுதான் நடக்கிறது. என் வண்டியில் மட்டும் எந்தத் துளையில் மாட்டினாலும் ஒரே மாதிரிதான் ஓடியது. ஸ்பிரிங்கை மாற்றினேன், டயர் காற்றழுத்தத்தை மாற்றினேன், டாம்பரை (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் உறுப்பு) இறுக்கினேன், ஒன்றும் தெரியவில்லை. ஒரு மாதம் சஸ்பென்ஷனையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். கோளாறு சஸ்பென்ஷனில் இல்லை, அது எதன் மேல் உட்கார்ந்திருந்ததோ அந்தச் சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டகத்தில் இருந்தது.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் உட்காரும் திறந்த வண்டி, மூடிய ஓடுபாதையில் மட்டும் ஓட்டுவதற்கு. முன்னால் 1 லிட்டர் மூன்று சிலிண்டர் என்ஜின், பின் சக்கர இயக்கம், சக்கர இடைவெளி 2.25 மீட்டர். ஓட்டுநரோடு 640 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்பது இலக்கு. முதல் சேஸிஸ் ஏணி மாதிரி இருந்தது. 100க்கு 50, சுவர் 3 மி.மீ. உள்ள இரண்டு நீளக் குழாய்கள், நடுவே குறுக்குக் குழாய்கள், மேலே பாடிக்கும் சஸ்பென்ஷனுக்கும் நிற்கும் கால்கள். எல்லாம் சேர்ந்து 94 கிலோ. தடியான இரும்பு, கையால் தட்டினால் ‘டங்’ என்று கனத்த சத்தம். அதைப் பார்த்தவர் யாரும் இது வளையும் என்று சொல்லமாட்டார்கள். நானும் நம்பவில்லை.

சந்தேகம் வந்ததும் அதை முறுக்கிப் பார்த்தேன். பின் சஸ்பென்ஷன் பிடிக்கும் இரண்டு இடங்களையும் தரையோடு இறுக்கிப் பிடித்து, முன்பக்கத்தை நடுவில் ஒரே ஒரு உருளை மேல் நிறுத்தி, முன் சஸ்பென்ஷன் பிடிப்புகளில் குறுக்காக ஒரு நீளக் கம்பியைக் கட்டி, நடுவிலிருந்து சரியாக 1 மீட்டர் தள்ளி 50 கிலோ தொங்கவிட்டேன். அதாவது சுமார் 490 நியூட்டன் மீட்டர் முறுக்கு. நடுக்கோட்டிலிருந்து அரை மீட்டர் தள்ளி வைத்த டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவி) 5 மி.மீ. நகர்ந்தது. கோணமாக மாற்றினால் 0.57 டிகிரி. ஆக, ஒரு டிகிரி முறுக்க 850 நியூட்டன் மீட்டர் போதும்.

இந்த எண் நல்லதா கெட்டதா என்று தனியாகச் சொல்ல முடியாது, சஸ்பென்ஷனோடு வைத்துப் பார்க்க வேண்டும். என் முன் சக்கரத்தில் ஸ்பிரிங் விறைப்பு மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன், இரு சக்கரங்களுக்கும் இடையே 1.35 மீட்டர். இதிலிருந்து வரும் சாய்வு விறைப்பு, அதாவது வண்டி பக்கவாட்டில் சாய்வதை சஸ்பென்ஷன் எதிர்க்கும் அளவு, டிகிரிக்கு சுமார் 320 நியூட்டன் மீட்டர். பின்பக்கம் இதே கணக்கில் 285. இரண்டும் சேர்ந்து 600 சொச்சம். சஸ்பென்ஷன் 600, அதைத் தாங்கும் சட்டகம் 850. அப்படியென்றால் சட்டகமும் ஒரு ஸ்பிரிங்தான், அதுவும் சஸ்பென்ஷனுக்குச் சமமாகத் தளர்ந்த ஸ்பிரிங். முன்னால் நான் பாரை இறுக்கினால் அந்த வித்தியாசம் பின்சக்கரத்துக்குப் போய்ச் சேருவதற்குள் நடுவில் சேஸிஸ் முறுகி அதை விழுங்கிவிடும். டாம்பர் கிடையாத ஸ்பிரிங் வேறு. சட்டகம் சஸ்பென்ஷனைப் போல நாலைந்து மடங்காவது விறைப்பாக இருந்தால்தான் சஸ்பென்ஷனில் செய்யும் மாற்றம் டயரில் தெரியும்.

94 கிலோ இரும்பு இவ்வளவு மோசமாக முறுகியது எனக்குப் பெரிய அடி. அதனால்தான் இரண்டாவது சேஸிஸுக்கு எடையை மட்டும் இலக்காக வைக்கவில்லை. ஒரு கிலோவுக்கு எத்தனை விறைப்பு என்று கேட்டேன். முதலாவது கிலோவுக்கு 9 கொடுத்தது.

அட்டைப்பெட்டி சொல்லும் பாடம்

செருப்பு வரும் அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து மூடியைக் கழற்றிவிட்டு இரு முனையையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். கையோடு வளைந்துகொடுக்கும். இப்போது மூடியைப் போட்டுச் சுற்றிலும் டேப் ஒட்டி முறுக்குங்கள். அதே அட்டை, அதே தடிமன், ஆனால் அசையாது. முறுக்கத்தை எதிர்ப்பது பொருளின் தடிமன் இல்லை, பெட்டியின் ஆறு முகமும் மூடியிருப்பதுதான். ஒரு குழாயிலேயே இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 25க்கு 25, சுவர் 1.6 மி.மீ. உள்ள சதுரக் குழாயை நீளவாக்கில் ஒரு பக்கம் மட்டும் அறுத்துவிட்டால், எடை ஒரு துளியும் குறையாது, முறுக்கு விறைப்பு மட்டும் 160இல் ஒரு பங்காகிவிடும். நூற்றறுபதில் ஒரு பங்கு! இந்தக் கணக்கை முதன்முறை போட்டபோது தவறு செய்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி போட்டேன்.

கார் சேஸிஸ் என்பது பல முகங்களைத் திறந்துவைத்தே ஆகவேண்டிய பெட்டி. என்ஜின் உள்ளே இறங்க மேல்முகம் திறந்திருக்க வேண்டும், மனிதர் உட்கார இன்னொரு முகம் திறந்திருக்க வேண்டும், எக்ஸாஸ்ட் வெளியே போக பக்கவாட்டில் ஒரு ஓட்டை. வடிவமைப்பின் கஷ்டமெல்லாம் இந்தத் திறப்புகளைச் சுற்றித்தான் இருக்கிறது. மெர்சிடிஸின் 1954 மாடல் 300 எஸ்.எல். இதற்கு நல்ல சான்று. சிறு குழாய்களை முக்கோணம் முக்கோணமாகச் சேர்த்த அதன் சட்டகம் ஏறத்தாழ 82 கிலோதான். ஆனால் விறைப்புக்காகப் பக்கவாட்டில் சட்டகத்தை உயரமாகக் கொண்டுபோனதில் சாதாரணக் கதவு வைக்க இடமே இல்லாமல் போனது. கதவைக் கூரையில் கீல் வைத்து மேல்நோக்கித் திறந்தார்கள். பறவை இறக்கை மாதிரி இருக்கிறது என்று இன்றைக்கும் எல்லோரும் ரசிக்கும் அந்தக் கதவு, சட்டகத்தின் தேவையில் பிறந்தது.

எந்த உலோகம்?

இந்தக் கேள்வியில்தான் அதிக நேரத்தை வீணடித்தேன், அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குரோம்மாலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு) போட்டால் விறைப்பு கூடும் என்று பலர் நம்புகிறார்கள். கூடாது. மைல்ட் ஸ்டீலுக்கும் குரோம்மாலிக்கும் யங் குணகம் (பொருளின் விறைப்பைச் சொல்லும் எண்) கிட்டத்தட்ட ஒன்றுதான், 200 கிகாபாஸ்கல் சொச்சம். குரோம்மாலி உடையாமல் அதிகம் தாங்கும், ஆனால் அதே அளவுக் குழாய் அதே அளவுதான் வளையும். அலுமினியத்தின் எடை இரும்பில் மூன்றில் ஒரு பங்கு, விறைப்பும் மூன்றில் ஒரு பங்கு. ஆக அளவை மாற்றாமல் பொருளை மட்டும் மாற்றினால் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. அலுமினியத்தின் பலன், அதே எடைக்குக் குழாயைப் பெரிதாக்கும்போது கிடைக்கிறது. 1996இல் வந்த லோட்டஸ் எலீஸ் இதைத்தான் செய்தது: பெரிய குறுக்குவெட்டுள்ள அலுமினிய எக்ஸ்ட்ரூஷன்களை (அச்சு வழியாகத் தள்ளி உருவாக்கிய நீளத் துண்டுகள்) வெல்டிங் இல்லாமல் எப்பாக்சிப் பசையால் ஒட்டி 68 கிலோவில் சேஸிஸை முடித்தார்கள். எனக்கு அந்த எக்ஸ்ட்ரூஷன் அச்சும் கிடையாது, ஒட்டுவதற்கு முன் மேற்பரப்பைப் பதப்படுத்தும் வசதியும் கிடையாது. வெல்டிங் தெரியும், மைல்ட் ஸ்டீல் கைக்குப் பழகியது, விரிசல் விட்டால் கண்ணுக்குத் தெரியும், திரும்ப வெல்ட் செய்யலாம். சரி, மைல்ட் ஸ்டீல்தான் என்று முடிவெடுத்தேன்.

முதன்மைக் குழாய்கள் 25 மி.மீ. சதுரம், சுவர் 1.6. மூலைவிட்டங்களுக்கு 20 மி.மீ. சதுரம், சுவர் 1.2. முதலாவது மீட்டருக்கு 1.17 கிலோ, இரண்டாவது 0.71 கிலோ. ஒரு இடத்தில் மட்டும் எடையைப் பற்றி யோசிக்கவே இல்லை. தலைக்குப் பின்னால் நிற்கும் உருள்வளையம் 45 மி.மீ. விட்டம், சுவர் 2.5 மி.மீ. உள்ள தையலில்லாக் குழாய். சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதியில் முதன்மை வளையத்துக்குச் சொல்லியிருக்கும் அளவு இது. அது போல்ட்டில் தனியாக ஏறும், 10 கிலோ, கீழே வரும் எந்த எண்ணிலும் அதைச் சேர்க்கவில்லை. ஓட்டுபவரின் கழுத்தைக் காக்கும் பொருளில் கிராம் எண்ணக்கூடாது.

குச்சியும் பசையும்

சிறு குழாய்களை முக்கோணமாகச் சேர்க்கும் இந்தச் சட்டகத்துக்கு ஸ்பேஸ் ஃபிரேம் என்று பெயர். அதன் அடிப்படை சின்னது. நான்கு குழாய்களைச் சதுரமாக வெல்ட் செய்து மூலையில் தள்ளினால் அது சாய்சதுரமாகும், எதிர்ப்பது மூலையிலுள்ள வெல்ட் மட்டும். குறுக்கே ஒரு மூலைவிட்டம் போட்டால் இரண்டு முக்கோணங்கள் ஆகிவிடும், அப்புறம் அது சாய வேண்டுமானால் ஏதாவது ஒரு குழாய் நீள வேண்டும் அல்லது சுருங்க வேண்டும். குழாயை வளைப்பது எளிது, நீளவாக்கில் இழுத்து நீட்டுவது மகாகஷ்டம். இவ்வளவுதான் விஷயம். எத்தனை குழாய் வேண்டும் என்பதற்கு 1864லேயே ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் கணக்குச் சொல்லிவிட்டார்: குழாய்கள் சேரும் முனைகளின் எண்ணிக்கையை மூன்றால் பெருக்கி ஆறைக் கழியுங்கள். பெட்டிக்கு எட்டு முனை, ஆக 18 குழாய். பன்னிரண்டு விளிம்பு, ஆறு முகத்துக்கு ஆறு மூலைவிட்டம். அட்டைப்பெட்டியில் கை சொன்னதையே எண் திரும்பச் சொல்கிறது.

கணினியில் வரைவதற்கு முன் 1:10 அளவில் மரக்குச்சியும் பசையும் வைத்து மாதிரி செய்தேன். இதை யாரும் தவிர்க்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்பேன். திரையில் எல்லாக் குழாயும் ஒரே மாதிரி முக்கியமாகத் தெரியும். கையில் மாதிரியை முறுக்கிக்கொண்டே ஒரு குச்சியை வெட்டினால், அடுத்த நொடி மொத்தமும் தொளதொளவென்று ஆகும், அல்லது எந்த மாற்றமும் இருக்காது. எந்த மாற்றமும் இல்லையென்றால் அந்தக் குழாய் வீண்சுமை. என் முதல் வரைபடத்தில் இருந்த பதினோரு குழாய்கள் இப்படி வெளியேறின. அழகுக்காகவும் ‘இருந்துவிட்டுப் போகட்டும்’ என்பதற்காகவும் போட்டவை அவை. கூடவே இன்னொன்றும் தெரிந்தது: இருக்கைக்கு நடுவே கியர்பாக்ஸும் புரொப்பெல்லர் தண்டும் போகும் சுரங்கத்தை நாலு பக்கமும் முக்கோணமாக்கிவிட்டால், திறந்த காக்பிட்டின் குறையில் பாதியை அதுவே ஈடுகட்டுகிறது.

வெல்டிங்

குழாய்களை இடம் மாறாமல் பிடிக்கும் ஜிக்குக்கு, தட்டையான தடித்த பலகை மேல் மையக்கோடு கீறி, ஒவ்வொரு குழாயும் உட்காரும் இடத்தில் மரக்கட்டைகளைத் திருகிவைத்தேன். கீழ்ச்சட்டம் முழுக்க அதில் படுத்தது. குழாய் வெட்டுவதில் ஒரே விதி: இரண்டு குழாய் சேரும் இடத்தில் அரை மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வெட்டு. இடைவெளியை வெல்டால் நிரப்பினால் அது ஆறும்போது சுருங்கி அந்த இடத்தையே இழுத்துக்கொண்டு போகும்.

எனக்கு அதுதான் நடந்தது. முன் பல்க்ஹெட்டை (முன்பக்கக் குறுக்குச் சட்டம்) டேக் போட்டதும், அதாவது அங்கங்கே புள்ளி வெல்ட் வைத்ததும், மூலைக்கு மூலை அளந்தேன், இரண்டு பக்கமும் அரை மில்லிமீட்டருக்குள் சமம். சந்தோஷத்தில் ஒரு பக்கத்திலிருந்து தொடங்கி வரிசையாக முழு வெல்டும் போட்டுக்கொண்டே போனேன். முடித்து ஆறியதும் அளந்தால் 4 மி.மீ. வித்தியாசம். நாலு மில்லிமீட்டர் என்பது சின்ன எண்ணாகத் தெரியும், ஆனால் விஷ்போன் (சக்கரத்தைச் சட்டகத்தோடு இணைக்கும் V வடிவக் கை) பிடிப்பு அந்தச் சட்டத்தில்தான் வரப்போகிறது. நேராக்க முடியாது என்றில்லை, ஜாக்கி வைத்து இழுத்தால் வந்துவிடும். அப்படி இழுத்தால் அந்த விசை எப்போதும் வெல்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். மெல்லிய டிஸ்க் போட்டு ஆறு இணைப்புகளை அறுத்துப் பிரித்து மறுபடி சேர்த்தேன். இரண்டாம் முறை, சட்டகம் முழுவதையும் டேக் போட்டு முடிக்காமல் ஒரு இணைப்பைக்கூட முழுதாக வெல்ட் செய்யவில்லை. அப்புறம் இடது முன் மூலையில் ஒன்று, வலது பின் மூலையில் ஒன்று என்று எதிரெதிராகப் போய், கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே அடுத்தது. எனக்கு வெல்டிங் கற்றுக்கொடுத்த பெரியவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நான் டார்ச்சைத் தூக்கும்போதெல்லாம் “ஆறட்டும் தம்பி, அது எங்கேயும் ஓடிவிடாது” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்று நாள் வேலை எட்டு நாள் ஆனது. கடைசியில் அளந்தபோது மொத்தச் சட்டகத்திலும் அதிகபட்ச வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்.

வெறும் சட்டகம் பிராக்கெட்டுகளோடு தராசில் 55 கிலோ காட்டியது.

முதல் முறுக்கு

ஏணிச் சேஸிஸுக்குச் செய்த அதே சோதனை, அதே 50 கிலோ, அதே கம்பி. இந்த முறை ஒரு டயல் கேஜோடு நிற்காமல் பின்னிலிருந்து முன்வரை கால் மீட்டருக்கு ஒரு இடமாகக் குறித்து எல்லா இடத்திலும் அளந்தேன். இந்த ஒரு முடிவுதான் மொத்தத் திட்டத்தையும் காப்பாற்றியது.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. பின்பக்கத்தை ‘இறுக்கிப் பிடித்துவிட்டேன்’ என்று நம்பாதீர்கள். நானும் நம்பினேன், சந்தேகத்துக்கு அங்கேயும் ஒரு டயல் கேஜ் வைத்தேன், அசையவே கூடாத இடம் 0.6 மி.மீ. அசைந்தது. தரைப் பிடிப்பு தளர்ந்திருந்தது. அதைக் கழிக்காமல் விட்டிருந்தால் எல்லா எண்ணும் பொய். பழைய ஏணியையும் இதே முறையில் மறுபடி அளந்தேன், நல்லவேளையாக அதன் எண் பெரிதாக மாறவில்லை. இங்கே நான் எழுதும் எல்லாம் கழித்த பிறகு வந்தவை.

முன்முனையில் டயல் 3 மி.மீ. காட்டியது. 0.34 டிகிரி, அதாவது டிகிரிக்கு 1430. ஏணியைவிட எவ்வளவோ மேல், ஆனால் என் கணக்குக்குக் கிட்டத்தட்ட 2500 வேண்டும். இங்கே பழைய நானாக இருந்தால் எல்லா மூலைவிட்டத்தையும் ஒரு அளவு தடியாக்கியிருப்பேன். கால் மீட்டர் அளவுகளைத் தாளில் குறித்துக் கோடு இழுத்தேன். பின் ஸ்பிரிங் பிடிப்பிலிருந்து டாஷ்போர்டு வளையம் வரை 1.5 மீட்டருக்குக் கோடு மெதுவாக ஏறி 0.9 மி.மீ.யில் நின்றது. அங்கிருந்து முன் சஸ்பென்ஷன் வரையுள்ள முக்கால் மீட்டரில் செங்குத்தாக ஏறி 3ஐத் தொட்டது. மூன்றில் ஒரு பங்கு நீளத்தில் எழுபது சதவீத முறுக்கம். என்ஜின் அறை. மேல்முகம் முழுக்கத் திறந்திருக்கிறது, எக்ஸாஸ்ட் போவதற்காக வலது பக்கத்தில் ஒரு மூலைவிட்டத்தையும் நான் விட்டிருந்தேன். மூடி கழன்ற அட்டைப்பெட்டி அங்கே அப்படியே இருந்தது.

இந்தக் கோட்டைப் பார்த்த பிறகு செய்ய வேண்டியது தானாகத் தெரிந்துவிட்டது. எக்ஸாஸ்ட் குழாயை 60 மி.மீ. கீழே இறக்கி, விடுபட்ட மூலைவிட்டத்தை உள்ளே கொண்டுவந்தேன். மேல்முகத்துக்கு நான்கு சிறு குழாய்களால் ஒரு கழற்றி மாட்டும் சட்டம். முன் டாம்பர் மேல்முனைகளிலிருந்து டாஷ்போர்டு வளையத்துக்குப் போகும், என்ஜினை இறக்க வேண்டுமென்றால் எட்டு போல்ட்டைக் கழற்றினால் போதும். எல்லாம் சேர்த்து 2 கிலோ.

மாட்டி முறுக்கினால் 2.2 மி.மீ. எதிர்பார்த்ததைவிட மோசம். அதைவிடத் தொந்தரவான விஷயம், எடையை இறக்கிய பிறகு முள் பூஜ்யத்துக்குத் திரும்பாமல் 0.3இல் நின்றுவிட்டது. இரும்பு வளைந்துவிட்டதோ என்று வயிறு கலங்கியது. எதிர்ப்பக்கம் எடை தொங்கவிட்டு இறக்கினால் இந்தப் பக்கம் 0.3. வளைந்த இரும்பு இப்படி இரண்டு பக்கமும் சமமாக நிற்காது, ஏதோ ஒன்று வழுக்குகிறது. விரலைச் சட்டத்துக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நண்பரை எடையைத் தூக்கி இறக்கச் சொன்னேன், விரல் நுனியில் மெல்லிய ஒரு ‘டிக்’ தெரிந்தது. 10 மி.மீ. போல்ட்டுக்கு 10.5 துளை. அந்த அரை மில்லிமீட்டர் முழுக்க முதலில் வழுக்கிவிட்டுத்தான் சட்டம் வேலையே தொடங்குகிறது. துளைகளில் புஷ் (சிறு உலோக வளையம்) வெல்ட் செய்து, போல்ட் கையால் தள்ளினால் இறுக்கமாக நுழையும் அளவுக்கு ரீமர் (துளையைத் துல்லியமாக்கும் கருவி) போட்டு, திரும்ப மாட்டினேன். 1.75 மி.மீ., முள் பூஜ்யத்துக்கே திரும்பியது. டிகிரிக்கு 2450. இரண்டு கிலோ இரும்பும் அரை மில்லிமீட்டர் துளையும் சேர்ந்து ஆயிரம் கொடுத்தன.

அடுத்து காக்பிட் தரைக்கும் சுரங்கத்துக்கும் 1.2 மி.மீ. அலுமினியத் தகடு. இரண்டு சதுர மீட்டர், ஆறரை கிலோ. தரை எப்படியும் வேண்டும், ஆகவே அதையும் வேலை செய்ய வைத்தேன். பாலியூரித்தேன் பசை, 50 மி.மீ.க்கு ஒரு ரிவெட். பசைதான் பெரும்பாலான சுமையைத் தாங்குகிறது, ரிவெட் அது உரிந்து வராமல் பிடித்துக்கொள்கிறது. இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் நேராகத் தொட்டால் அலுமினியம் அரிக்கும், அதனால் சட்டகத்துக்குப் பெயின்ட் அடித்துக் காய்ந்த பிறகே தகடு. ஒவ்வொரு ரிவெட்டும் குழாயில் ஒரு துளை என்பதையும் மறக்கக்கூடாது, உள்ளே தண்ணீர் போனால் வெளியில் தெரியாமலே துரு பிடிக்கும். முனை மூடிய ரிவெட்டுகளை மட்டுமே போட்டேன். டயல் 1.5க்கு வந்தது, டிகிரிக்கு 2850.

சிவப்புக் கோடு

எண்கள் நன்றாக வந்தபிறகு வண்டி ஓடியது, 600 கிலோமீட்டர் பிரச்சினை இல்லை. சோதனைக்காக முன் கீழ் விஷ்போன் பிராக்கெட்டுகளைச் சுத்தம் செய்து விரிசலுக்குள் புகும் சிவப்புச் சாய ஊடுருவியை அடித்து, கால்மணி நேரம் விட்டுத் துடைத்து, மேலே வெள்ளைப் பொடியைத் தெளித்தேன். ஒரு நிமிடம் எதுவுமில்லை. அப்புறம் இடது பின் பிராக்கெட்டின் வெல்ட் ஓரத்தில், தலைமுடியளவு மெல்லிய ஒரு சிவப்புக் கோடு வெள்ளைக்குள்ளிருந்து மெதுவாக எழுந்து வந்தது. 12 மி.மீ. நீளம். வெறும் கண்ணுக்கு அங்கே எதுவுமே தெரியவில்லை.

வெல்டைக் குறை சொல்லத் தோன்றியது. அறுத்துப் பார்த்தால் வெல்ட் நன்றாகவே ஊடுருவியிருந்தது. கணக்குக்குத் திரும்பினேன். 1.2 ஜி (புவியீர்ப்பைப் போல 1.2 மடங்கு) பிரேக்கில் ஒரு முன் டயர் சாலையிலிருந்து வாங்கும் விசை சுமார் 2650 நியூட்டன். பலரும் இதையே விஷ்போனுக்குப் போட்டுவிடுவார்கள், நானும் அப்படித்தான் போட்டிருந்தேன். ஆனால் பிரேக் சக்கரத்துக்குள் இருப்பதால் அது அப்ரைட்டையும் (சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் துண்டு) சேர்த்து முறுக்கப் பார்க்கிறது. என் அளவில் விஷ்போனோடு இணையும் கீழ் பால் ஜாயின்ட் தரையிலிருந்து 170, மேல் ஜாயின்ட் 410 மி.மீ. நெம்புகோல் கணக்குப்படி கீழ் ஜாயின்ட்டுக்கு வருவது 2650 இல்லை, 4500. அது விஷ்போன் வழியாகச் சட்டகத்துக்கு வந்து சேரும்போது ஒரு பிராக்கெட்டில் பக்கவாட்டாக 5300 நியூட்டன் ஆகிறது. அந்தப் பிராக்கெட்டை நான் முனையில் வைக்காமல், ஸ்டியரிங் தண்டுக்கு இடம் வேண்டும் என்று 70 மி.மீ. தள்ளி, குழாயின் நடுப்பகுதியில் வைத்திருந்தேன். 300 மி.மீ. நீளக் குழாயில் அந்த இடத்தில் வரும் தகைவு (பொருளுக்குள் ஏறும் அழுத்தம்) 260 மெகாபாஸ்கல். மைல்ட் ஸ்டீல் நிரந்தரமாக வளையத் தொடங்குவதே 250 பக்கம்தான், வெல்ட் ஓரத்தில் திரும்பத் திரும்ப வரும் சுமைக்கு அதைவிட எவ்வளவோ குறைவு. விரிசல் வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

மொத்தச் சட்டகத்தையும் முக்கோணமாக்கிவிட்டு, அதிகச் சுமை நுழையும் ஒரே இடத்தில் குழாயை வளைக்க விட்டிருக்கிறேன். முறுக்குச் சோதனை இதைக் காட்டாது, அது மொத்தச் சட்டகத்தின் விறைப்பை மட்டுமே அளக்கிறது. திருத்தம் சின்னது: பிராக்கெட் இருக்கும் இடத்தையே முனையாக்கும்படி, அங்கிருந்து எதிர் மூலைக்கு 380 மி.மீ. குழாய் ஒன்று. பக்கத்துக்கு 450 கிராம். பிராக்கெட்டையும் மாற்றினேன். பழையது குழாயின் ஒரு முகத்தின் நடுவில் மட்டும் ஒட்டியிருந்தது, 1.6 மி.மீ. சுவர் அங்கே தகரடப்பா மூடி மாதிரி உள்ளே வெளியே அமுங்கும். புதியது குழாயைச் சுற்றி மடங்கி இரண்டு மூலைகளிலும் பிடிக்கிறது, விளிம்புக்கு நேராகச் சுமை போகிறது.

சட்டகம் இப்போது 58 கிலோ, தகடுகளோடு 64.5. விறைப்பு 2850, கிலோவுக்கு 44. ஏணிக்கு 9. சஸ்பென்ஷனின் 600ஓடு ஒப்பிட்டால் நாலே முக்கால் மடங்கு. வரைபடக் கோட்டில் கால் வைக்கும் பகுதியில் இன்னும் ஒரு சின்ன ஏற்றம் இருக்கிறது, பெடல் பெட்டியை மாற்றி வைத்தால் அங்கே ஒரு மூலைவிட்டத்துக்கு இடம் கிடைக்கும். அதை அடுத்த முறை பிரிக்கும்போது செய்வேன். 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை எல்லாப் பிராக்கெட்டுக்கும் சாயச் சோதனை நடக்கிறது, அந்தத் திருத்தத்துக்குப் பிறகு மூன்று முறை செய்துவிட்டேன், வெள்ளைப் பொடி வெள்ளையாகவே இருக்கிறது.

போன வாரம் அதே ஓடுபாதையில், அதே ஸ்பிரிங், அதே டயர் காற்றழுத்தத்தோடு, முன் ஆன்ட்டி ரோல் பாரின் இணைப்பை நடுத்துளையிலிருந்து ஒரு துளை உள்ளே மாட்டிவிட்டு ஓட்டினேன். இரண்டாவது வளைவிலேயே முன்பக்கம் தள்ளிக்கொண்டு வெளியே போகப் பார்த்தது. நிறுத்தி, இறங்கி, ஒரு துளை வெளியே மாட்டினேன். முன்பக்கம் உள்ளே திரும்பியது, பின்பக்கம் லேசாகச் சுழலத் தொடங்கியது. மறுபடி நடுத்துளைக்கு வந்து, அன்று மாலை வரை அதிலேயே ஓட்டினேன்.